கேட்டில் ஒரு பலகை, காலனியில் ஒரு நோட்டு

போன மாதம் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. இரும்புத் தகட்டில் சிவப்பு எழுத்து. தமிழ், கன்னடம், ஆங்கிலம் என மூன்று மொழி. ‘வியாபாரிகள், நரிக்குறவர்கள், பிச்சைக்காரர்கள், வடநாட்டு ஆட்கள் உள்ளே வர அனுமதி இல்லை. மீறினால் போலீசில் ஒப்படைக்கப்படுவார்கள்.’ லேஅவுட்டின் இரண்டு முனைகளிலும் கேட் போட்டு அதில் இதை மாட்டலாமா என்று செயலாளர் கேட்டிருந்தார். அரை மணி நேரத்துக்குள் கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்துவிட்டன. ‘சூப்பர் சார்’, ‘ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருந்தேன்’, இடையில் ஒரு கும்பிடு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் தோழர்களே, என் கட்டைவிரலும் கொஞ்சம் துடித்தது. சிப்காட்டில் மாதத்தில் பத்து நாள் எனக்கு நைட் ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ் இறக்கிவிட்டு, குளித்து, சாப்பிட்டுப் படுக்க எட்டரை ஆகும். ஒன்பதரைக்கு முதல் பெல். ‘சார், கேஸ் அடுப்பு செக் பண்ண வந்திருக்கோம்.’ பத்தேகாலுக்கு மெத்தை தைப்பவர். பதினொன்றுக்கு இன்டர்நெட் இணைப்பு. பன்னிரண்டு மணிக்கு ஒலிபெருக்கியில் ‘பழைய பேப்பர், பழைய இரும்பு’. மாலையில் எழும்போது தலை கனத்துக் கிடக்கும். மறுநாள் இரவு பிரஸ் மெஷின் முன்னால் கண் சொக்கினால் என்ன ஆகும் என்பது லைனில் நிற்பவர்களுக்குத் தெரியும். விரல்தான் போகும்.

அதனால் ‘பாவம், பிழைப்புக்கு வருகிறார்கள், பொறுத்துக்கொள்ளலாம்’ என்று இரக்கம் பேசுவதற்காக இதை எழுதவில்லை. வேண்டாதவரை வாசலில் நிறுத்தி வேண்டாம் என்று சொல்ல ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமை நம்மூரில் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் என் பிரச்சினை. கட்டைவிரலை நிறுத்தியது என் பழைய தொழில்.

டிப்ளமோ முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் சுற்றிய ஒன்பது மாதம் நான் இதே ஓசூரில் கதவு தட்டியவன். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம். கழுத்தில் டை, தோளில் பை, பையில் ஒரு ‘டெஸ்ட் கிட்’. வீட்டுத் தண்ணீரை ஒரு டம்ளரிலும் எங்கள் மெஷின் தண்ணீரை இன்னொரு டம்ளரிலும் ஊற்றி இரண்டிலும் கம்பிகளை இறக்கி கரண்ட் கொடுப்போம். வீட்டுத் தண்ணீர் கண்ணெதிரே பழுப்பாகி, பச்சையாகிச் சாக்கடை மாதிரி திரளும். எங்கள் தண்ணீர் அப்படியே தெளிவாக இருக்கும். ‘இதைத்தான் மேடம் உங்க குழந்தை குடிக்குது’ என்ற வசனத்தைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்த வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்.

அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததல்ல, கம்பியில் இருந்தது. இரும்புக் கம்பி கரண்டில் கரைந்து துருவாகி மிதக்கிறது, அவ்வளவுதான். உப்பும் தாதும் உள்ள தண்ணீரில் கரண்ட் நன்றாகப் பாய்வதால் நிறம் மாறுகிறது. வடிகட்டிய தண்ணீரில் உப்பு இல்லை, கரண்ட் பாயாது, துருவும் வராது. கிருஷ்ணகிரி, தருமபுரி நிலத்தடி நீரில் உண்மையான வில்லன் ஃபுளோரைடு. பல்லில் கறையேறி எலும்பு வளையும் நோய்க்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எங்கள் டெஸ்ட் கிட்டுக்கு அதைக் கண்டுபிடிக்கத் தெரியாது. இப்படிப் பொய்யை விற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் வாசலுக்கு வருபவரின் சரக்கைச் சந்தேகப்படுவது தப்பில்லை.

ஆனால் என்னை யாரும் சரக்குக்காகச் சந்தேகப்படவில்லை. ஒரு சித்திரை வெயிலில் மத்திகிரிப் பக்கம் ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அந்த அம்மா நல்லவர்தான், முகம் சுளிக்கவில்லை. ‘எந்த ஊருப்பா?’ என்றார். சொன்னேன். ‘அட, எங்க சித்தி ஊரு பக்கம்தான். ஊர்லயா, காலனியிலயா?’ சொன்னேன். உள்ளே போனவர் சொம்போடு வந்தார். ‘கையை நீட்டு’ என்று மேலிருந்து ஊற்றினார். குனிந்து, இரண்டு கையையும் குவித்து, டை நனைய நனையக் குடித்தேன். அதற்குப் பிறகு அதே அம்மா என்னிடம் டெமோ பார்த்தார், பயந்தார், மெஷினும் வாங்கினார். கமிஷன் வந்தது. தண்ணீர் விற்கப் போனவனுக்கு டம்ளரில் தண்ணீர் கிடைக்கவில்லை என்பதை நினைத்து அன்று இரவு அறையில் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

அந்த வாசலில் பலகை எதுவும் இல்லை. ‘ஊர்லயா, காலனியிலயா’ என்ற கேள்விதான் பலகை. காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, எங்கள் லேஅவுட் ஆட்களுக்கு அது ஏன் என்று புரியவில்லை. ‘டைட்டன் டவுன்ஷிப், ஹவுசிங் காலனி எல்லாம் கௌரவமான பேர்தானே சார்?’ என்று ஒருவர் கேட்டார். காசு கொடுத்து வாங்கிய காலனிக்கும் ஊருக்கு வெளியே தள்ளிவைத்த காலனிக்கும் உள்ள வித்தியாசம் கேள்வி கேட்கப்படுபவனுக்கு மட்டும்தான் தெரியும்.

சரி, எழுதிய பலகைக்கு வருவோம். அதன் தாத்தாவை நமக்கு நன்றாகத் தெரியும். வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவர், புலையர் முதலானோர் இந்த எல்லைக்கு மேல் வரக்கூடாது என்று பலகை நட்டிருந்தார்கள். தீண்டல் பலகை என்றே அதற்குப் பெயர். 1924 மார்ச் 30 அன்று தொண்டர்கள் அந்தப் பலகையைத் தாண்ட நடந்தார்கள், கைதானார்கள். தலைவர்கள் சிறைக்குப் போனபின் பெரியார் ஈரோட்டிலிருந்து போய் இரண்டு முறை சிறைப்பட்டார். அவர்கள் கோயிலுக்குள் நுழைய அனுமதி கேட்கவில்லை என்பதை இளைஞர்கள் பலர் மறந்துவிடுகிறோம். கேட்டது தெருவை. நாயும் பன்றியும் போகிற தெருவில் மனிதன் ஏன் போகக்கூடாது என்பதுதான் கேள்வி. 1925 இறுதியில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. அதற்குள் எத்தனை பேரின் உடம்பு அடி வாங்கியது!

‘அது சாதிப் பலகை, இது பாதுகாப்புப் பலகை’ என்றார் எங்கள் செயலாளர். பாதுகாப்பு என்ற இந்தச் சொல்லுக்கும் வரலாறு இருக்கிறது. குறவர்கள் ஒரு காலத்தில் கழுதை, மாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி, கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே நடந்தே வியாபாரம் செய்தவர்கள். வெள்ளைக்காரனின் உப்புக் கொள்கையும் ரயிலும் அந்தத் தொழிலை விழுங்கின. தொழில் போனபின் அலைகிறவர்களைப் பார்த்து ‘இவர்கள் ஏன் அலைகிறார்கள்?’ என்று சந்தேகப்பட்டது அதே அரசு. 1871-இல் வடக்கே வந்த குற்றப் பழங்குடிச் சட்டம் 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் இறங்கியது. பிறப்பாலேயே குற்றவாளி, கைரேகை வை, போலீசில் ஆஜராகு. 1952-இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. வாசலில் பாசிமணியோடு வருபவரைப் பார்த்ததும் நகையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் கை இன்னும் ஒழியவில்லை. 2023 மார்ச்சில் சென்னையில் ‘பத்து தல’ படத்துக்கு டிக்கெட் எடுத்து வந்த நரிக்குறவர் குடும்பத்தைத் திரையரங்கின் வாசலில் மறித்த காணொளியை நாம் எல்லோரும் பகிர்ந்தோம். கையில் டிக்கெட் இருந்தும் அவர்கள் வாசலில்தான் நின்றார்கள்.

என் செயலாளருக்குத் தெரியாத ஒரு விஷயம், நரிக்குறவரும் குருவிக்காரரும் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். இன்னொன்று அவருக்குத் தெரிந்தும் மறந்திருக்கலாம். மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போதே உள்சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் லேஅவுட்டிலும் அப்படித்தான். அதாவது ‘நம்ம தெரு’ நம்முடையதல்ல, ஓசூர் மாநகராட்சியுடையது. குப்பை லாரி வருவதும் தெருவிளக்கு எரிவதும் அதனால்தான். வரிப்பணத்தில் விளக்கு வேண்டும், அந்த வெளிச்சத்தில் நடக்கச் சிலர் மட்டும் வேண்டும் என்றால் எப்படி? அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு, பொதுச் சாலையில் சாதி பார்த்துத் தடுக்கக்கூடாது என்கிறது. 2015-இல் திருத்திய வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் சாலையையோ பாதையையோ பயன்படுத்தவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் ஓரிடத்தில் கடை போட்டவரை மட்டுமல்ல, தலையிலும் தோளிலும் சுமந்து இடம்விட்டு இடம் போகிறவரையும் தெரு வியாபாரி என்றே வரையறுக்கிறது.

இதையெல்லாம் குழுவில் எழுதினேன். ‘சார் வக்கீலா?’ என்று ஒருவர் கேட்டார். ‘எல்லாத்துலயும் சாதியை இழுக்காதீங்க ப்ரோ’ என்று இன்னொருவர். பலகையில் ஒரு சாதியின் பெயரை எழுதியவர்கள் அவர்கள். இழுத்தது நானாம்!

கேட்டோடு வருகிற இன்னொரு பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோட்டு. வருபவரின் பெயர், ஊர், யாரைப் பார்க்க வந்தார், எத்தனை மணிக்கு. வியாபாரியைத் தடுக்கத்தான் என்பார்கள். ஆனால் ஓசூர் எப்படிப்பட்ட ஊர்? ராயக்கோட்டையிலிருந்தும் கேளமங்கலத்திலிருந்தும் ஆந்திரத்தின் குப்பத்திலிருந்தும் ஊர்க்கண்ணுக்குத் தப்பி, ஒரு வாடகை வீட்டில் யாரும் எதுவும் கேட்காமல் வாழ வருகிற ஊர். சாதி தாண்டிக் கல்யாணம் செய்தவர்களுக்குச் சிப்காட் சம்பளமும் பக்கத்து வீட்டுக்காரரின் அலட்சியமும்தான் பாதுகாப்பு. நந்தீஷும் சுவாதியும் அப்படி ஓசூரில் வாழ்ந்தவர்கள். சூடகொண்டப்பள்ளியிலிருந்து வந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கடத்திக் கொன்று, கர்நாடகத்தில் காவிரியில் வீசினார்கள். 2018 நவம்பர். கைதானவர்கள் பெண்ணின் உறவினர்கள். இந்த ஊரில் யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று எழுதிவைத்த நோட்டு ஒன்று கேட்டில் கிடப்பது என்னைப் பயமுறுத்துகிறது. அதைப் புரட்டிப் பார்க்க ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

அப்படியானால் என் தூக்கத்துக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். என் வழி ரொம்பச் சாதாரணம். தெருவை விட்டுவிட்டு என் கதவோடு நிறுத்திக்கொண்டேன். பெல்லுக்கு ஒரு சுவிட்ச் வைத்தேன், நைட் ஷிப்ட் நாளில் அணைத்துவிடுவேன். கதவில் ஒரு அட்டை: ‘இரவு வேலை. மாலை 4 வரை தூங்குகிறோம். தயவுசெய்து தட்ட வேண்டாம்.’ யாருடைய பெயரும், எந்தத் தொழிலும் அதில் இல்லை. செயலாளர் தட்டினாலும் அதே அட்டைதான். முக்கால்வாசிப் பேர் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், ஏனென்றால் தூங்குகிறவன் வாங்க மாட்டான் என்று கதவு தட்டுபவனுக்குத் தெரியும், அவனுக்கும் நேரம் காசு. எங்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கதவு என்று கணக்கு உண்டு. ‘அப்புறம் வாங்க’ என்பதுதான் எங்களைக் கொன்ற சொல். வாங்க மாட்டீர்கள் என்றால் முதல் பத்து விநாடியில் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். அது அவமானம் இல்லை. கேஸ் அடுப்பு ‘செக்கிங்’ என்று வந்தால் உள்ளே விடாமல், அட்டையைக் கேட்டு, உங்கள் கேஸ் ஏஜென்சிக்கே போன் போடுங்கள். யார் வந்தாலும் அதே கேள்வி, அதே போன். நான் எதிர்ப்பது ஆளைப் பார்த்து மாறுகிற சந்தேகத்தை.

தாகம் என்றால் தண்ணீர் கொடுங்கள். டம்ளரில்.

இதுவரை எழுதியது கதவு உள்ளவர்களின் பிரச்சினை. கேட் விவாதம் நடந்த அதே வாரம் சூளகிரிக்கு உள்ளே இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். காலை ஏழேமுக்கால். அம்மா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு பைக் வந்து நின்றது. குழுக் கடன் வசூல். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு வாரம் தவணை கட்டவில்லை, அவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார். குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு, அதனால் அம்மாவின் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ‘காசு வராம எந்திரிக்க மாட்டோம்மா.’ உட்கார்ந்தது எங்கள் திண்ணையில். அனுமதி கேட்கவில்லை. எங்கள் தெருவில் எந்த கேட்டும் இல்லை, எந்த சங்கமும் இல்லை, எந்தப் பலகையும் இல்லை. அம்மா ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய வாசல் அது இல்லை.

ஊர்த்தெரு பெண்ணின் வாசலில் இப்படி உட்காருவார்களா என்று நான் கேட்டதற்கு, வந்தவர்களில் சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். பேசிப் பார்த்தேன். அரூர் பக்கம் அவனுக்கு ஊர், அவனும் காலனிப் பையன். வசூல் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களாம். கழுத்தில் டை இல்லை, மற்றபடி நானேதான். அவன்மேல் கோபப்பட முடியவில்லை. அவனை ஏழேமுக்காலுக்கு அந்தத் திண்ணைக்கு அனுப்பியவர்கள் மேல் வந்தது.

விதி என்ன சொல்கிறது தெரியுமா? ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் குறுங்கடன்களுக்கு வகுத்த நெறிமுறையின்படி, இரு தரப்பும் பேசி முடிவு செய்த ஓர் இடத்தில்தான் வசூல். கடன் வாங்கியவர் தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அந்த இடத்துக்கு வராவிட்டால் மட்டுமே அவருடைய வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ போகலாம். காலை ஒன்பதுக்கு முன்னாலும் மாலை ஆறுக்குப் பின்னாலும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது. உறவினரையும் நண்பரையும் கூட வேலை செய்பவரையும் துன்புறுத்தக்கூடாது. ஒரு குடும்பத்தின் மொத்தக் கடன் தவணை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. எங்கள் தெருவில் அந்தப் பாதிக் கணக்கைப் போட்டுப் பார்த்த கம்பெனியை நான் பார்த்ததில்லை. 2010-இல் ஆந்திரத்தில் தற்கொலைகள் நடந்தபின் வந்த சட்டம், வசூலை வீட்டிலிருந்து எடுத்துப் பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடத்துக்கு மாற்றியது. பிரச்சினை வாசலில்தான் இருக்கிறது என்று அப்போதே தெரிந்திருக்கிறது. 2025-இல் கர்நாடகம் பிப்ரவரியில் ஓர் அவசரச் சட்டம் போட்டது, ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் கட்டாய வசூலுக்கு எதிராக ஒரு சட்டம் நிறைவேற்றியது. அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம். பைக் மட்டும் இரண்டு பக்கமும் அதேதான்.

எங்கள் லேஅவுட்டில் மெத்தை தைப்பவர் பெல் அடித்தால் போலீசில் ஒப்படைப்போம் என்று பலகை எழுதுகிறார்கள். எங்கள் தெருவில் திண்ணையில் உட்கார்ந்து எழ மறுப்பவருக்கு எதிராகப் போலீசுக்குப் போனால், ‘வாங்கும்போது தெரியலையாம்மா?’ என்கிறார்கள். வீடு என்பது ஒருவருக்குக் கோட்டை, இன்னொருவருக்கு வசூல் கவுன்டர். எது யாருக்கு என்பதை ஊரின் வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அன்று மாலை அம்மாவும் குழுவில் இருந்த மற்ற ஆறு பேரும் உட்கார்ந்து பேசினோம். என் தங்கை ஒரு நாற்பது பக்க நோட்டு கொண்டுவந்தாள். வருபவர் பெயர், கம்பெனி, அடையாள அட்டை எண், வந்த நேரம், போன நேரம், என்ன பேசினார், கூட இருந்த சாட்சி. ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணை அட்டையில் பெரிதாக எழுதினாள். ஒன்பது மணிக்கு முன்னால் வந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காரச் சொல்வது என்று முடிவானது. ஏதோ ஒரு சங்கத்துக்காரர்கள் வந்து சொல்லித் தரவில்லை, அம்மாதான் சொன்னார்: ‘அவன் நோட்டுல நம்ம பேரு இருக்குது, நம்ம நோட்டுல அவன் பேரு இருக்கட்டும்.’

லேஅவுட்டில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. பலகையிலிருந்து ‘நரிக்குறவர்கள்’ என்ற சொல்லையும் ‘வடநாட்டு ஆட்கள்’ என்பதையும் எடுத்துவிட்டார்கள், வழக்கு வந்துவிடும் என்ற பயத்தில். ‘வியாபாரிகளுக்கு அனுமதி இல்லை’ என்பது நின்றது. கேட் போடுவதற்கு ஆதரவு இருபத்தொன்பது, எதிர்ப்பு மூன்று. நான், மேல் மாடியில் இருக்கும் ஒடிசாக்காரத் தம்பி, அப்புறம் பூக்கார அக்கா வராமல் போய்விடுவாரே என்று கவலைப்பட்ட ஒரு பாட்டி. மாநகராட்சி ஆணையருக்கு மூவரும் கையெழுத்திட்டு மனு கொடுத்திருக்கிறோம், தானப் பத்திரத்தின் நகலோடு. கேட்டுக்கான குழி தோண்டியாகிவிட்டது, சிமென்ட் இன்னும் ஊற்றவில்லை.

ஊரில் போன செவ்வாய்க்கிழமை அந்த அரூர்ப் பையன் மறுபடி வந்தான். ஒன்பதேகாலுக்கு. நோட்டில் கையெழுத்துப் போட்டான் என்று தங்கை போட்டோ அனுப்பியிருந்தாள். படத்தின் ஓரத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் தெரிந்தது.